கைராசியும் இரண்டாவது மேசையும்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசைகள். முதல் மேசையில் ஒரு பாட்டிக்குக் கண்புரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது மேசையில் அடுத்தவரைப் படுக்கவைத்தாகிவிட்டது. கண் மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. கண்ணைச் சுற்றித் துடைத்து, துணி போர்த்தி, கருவித் தட்டை விரித்துவைத்து ஒரு சிஸ்டர் நிற்கிறார். முதல் கண் முடிந்ததும் டாக்டர் எழுந்து நடப்பதில்லை. இருக்கையோடு திரும்புகிறார், நுண்ணோக்கியின் கை இந்தப் பக்கம் வருகிறது. அவர் குனிந்து பார்க்கும்போது கண் தயாராக இருக்கிறது. பத்து நிமிடம்கூட ஆகாது. ஒரு மணி நேரத்தில் ஆறு முதல் எட்டுக் கண்கள்.

இதைப் பற்றி எழுதுபவர்கள் டாக்டரின் வேகத்தையே எழுதுகிறார்கள். பார்க்க வேண்டியது எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் டாக்டர் உள்ளங்கையை நீட்டுகிறார். கேட்காமலே கருவி வந்து விழுகிறது. அதுவும் பிடிக்க வேண்டிய பக்கம் விரலுக்கு வரும்படி. அடுத்து என்ன வேண்டும் என்பது அந்த சிஸ்டருக்குத் தெரியும். அவர் செவிலியர் கல்லூரியில் படித்தவர் அல்ல. பிளஸ் டூ முடித்துவிட்டு ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்.

நம் ஊரில் ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரிய பாராட்டு, ‘கைராசிக்காரர்’ என்பது. நல்ல சொல்தான். ஆனால் அதற்குள் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது: திறமை அந்த ஒரு கையில் இருக்கிறது, அவரோடு வந்தது, அவரோடு போய்விடும். தலைவர்களைப் பற்றியும் இப்படியேதான் பேசுகிறோம். ‘அவர் இருந்தவரைக்கும் நன்றாக நடந்தது’ என்று எத்தனை பள்ளிக்கூடங்களைப் பற்றி, எத்தனை கூட்டுறவு சங்கங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறோம்! அதைப் பாராட்டாகவே சொல்கிறோம். எனக்கு அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கிறது. கைராசி என்று கருதப்பட்ட ஒன்றைப் பிரித்துப் பார்த்து, அதில் பெரும்பங்கு சொல்லிக்கொடுக்கக்கூடியதே என்று செய்துகாட்டிய இடம் அரவிந்த். அதைச் செய்தவரின் கைகளிலிருந்து தொடங்குவதே முறை.

கோவிந்தப்ப வெங்கடசாமி 1918 அக்டோபர் 1 அன்று எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கரிசல் காட்டுக் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து, பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்று நினைத்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, 1944-ல் சென்னை ஸ்டான்லியில் டாக்டர் பட்டம் பெற்று, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் முடக்குவாதம் அவரைப் பிடித்தது. மாதக்கணக்கில் படுக்கை. ராணுவம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. விரல்கள் கோணிப்போயின. பிரசவ மருத்துவம் கைவிட்டுப் போனது. கண் மருத்துவத்துக்கு வந்தார். அந்த விரல்களுக்குத் தோதான கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிப்பதிலிருந்தே புதிதாகப் பழகினார். தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார்.

இதை மனவுறுதிக் கதையாகச் சொல்வது வழக்கம். நான் வேறொன்றை ஊகிக்கிறேன். இயல்பாகவே கைநேர்த்தி வாய்த்த அறுவை மருத்துவருக்குத் தான் செய்வதைப் பிறருக்கு விளக்கத் தெரியாது. ‘பார்த்துக் கற்றுக்கொள்’ என்பார். அதற்கு மேல் அவரிடம் சொல் இருக்காது. ஒவ்வொரு அசைவையும் பிரித்துப் பிரித்துத் தன் கைக்கே சொல்லிக்கொடுக்க நேர்ந்த ஒருவருக்கு, எந்த அசைவுக்கு டாக்டர் கண்டிப்பாக வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற கணக்கு தெளிவாகியிருக்கும். எதைக் கைமாற்றலாம் என்ற கேள்வி இந்தக் கணக்கிலிருந்துதான் எழுகிறது.

கைமாற்ற வேண்டிய கட்டாயமும் இருந்தது. 1956-லிருந்து இருபதாண்டுகள் அவர் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர். அப்போதைய எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர். 1960களில் ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தினார். முகாமுக்குப் போனால் வரிசை முடிவதே இல்லை. 1980களின் பிற்பகுதியில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில்கூட நூற்றுக்கு ஒன்றரைப் பேர் பார்வையற்றவர்கள் என்று வந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் கண்புரை, அறுவை செய்தால் தீரக்கூடியது. நாட்டில் இருந்த கண் மருத்துவர்களோ சில ஆயிரம் பேர். எல்லோரும் கைராசிக்காரர்களாகவே இருந்தாலும் கணக்கு நேராகாது.

ஒரு கண் டாக்டரின் பகல் எதில் போகிறது? பார்வை அளவு பார்ப்பது, கண் அழுத்தம் எடுப்பது, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பது, சொட்டு மருந்து விடுவது, கண்ணாடிக்கு அளவெடுப்பது, ‘பயப்படாதீங்கம்மா, வலிக்காது’ என்று நாலு தடவை சொல்வது, கட்டுப் பிரிப்பது, எழுதுவது. நோயை முடிவு செய்வதும் கத்தி வைப்பதும் இவற்றுக்கு நடுவே ஒரு சிறு பங்கு. அந்தச் சிறு பங்குக்குத்தான் பத்தாண்டுப் படிப்பு. மற்றதெல்லாம் கவனமாகப் பழகினால் வந்துவிடும். 1973-லேயே, அரசுப் பணியில் இருந்தபோதே, கண் மருத்துவ உதவியாளர்களுக்கான பயிற்சியை அவர் தொடங்கிவிட்டார்.

இங்கே ஒரு சொந்த அனுபவம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், வெளியே போகும் கடிதம் ஒவ்வொன்றையும் மேலாளர் சிவப்பு மையால் திருத்துவார். திருத்தம் எப்போதும் சரியாகவே இருக்கும், மறுப்பதற்கில்லை. ஏன் திருத்தினார் என்று மட்டும் சொல்லமாட்டார். பதினொரு ஆண்டுகள். அவர் ஓய்வுபெற்ற வாரம் ஒரு பெரிய வாடிக்கையாளருக்குப் பதில் எழுத வேண்டிவந்தது. எங்கள் பிரிவில் ஆறு பேர் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் அவர் வீட்டுக்கே ஃபோன் போட்டோம். மகிழ்ச்சியோடு சொல்லிக்கொடுத்தார். அந்த மகிழ்ச்சியைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. தான் இல்லாமல் நடக்கவில்லை என்பதில் அவருக்கு ஒரு நிறைவு இருந்தது.

58 வயதில் ஓய்வுபெற்ற வெங்கடசாமி, 1976-ல் மதுரை அண்ணாநகரில் ஒரு வீட்டில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். பெயர் புதுச்சேரி அரவிந்தரிடமிருந்து வந்தது. கடன் கிடைக்காமல் வீடும் நகையும் அடமானம் போனது, தங்கை டாக்டர் நாச்சியாரும் அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் வந்து சேர்ந்தது, தம்பி ஜி. சீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டது எல்லாம் பலமுறை எழுதப்பட்டவை. ஹாம்பர்கர் கடையின் ஒழுங்கை அவர் வியந்து பேசியதும் அப்படித்தான். மேலாண்மைப் பாடப்புத்தகங்கள் அந்த ஒப்புமையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-ல் அரவிந்தைப் பற்றிப் பாடம் எழுதியது முதல் உலகம் முழுக்க வகுப்பறைகளில் அது ஓடுகிறது.

எனக்கு அந்த ஒப்புமை பாதிதான் பொருந்துகிறது. கடையில் வேலையைத் துண்டாக்குவது, யார் போய் யார் வந்தாலும் நடக்கட்டும் என்பதற்காக. அங்கே ஆள் வளர வேண்டியதில்லை. வளராமல் இருந்தால் கூலி மிச்சம். அரவிந்தில் துண்டாக்கிய வேலையை வாங்கிக்கொண்டவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் நாச்சியார். பதினேழு, பதினெட்டு வயது, பிளஸ் டூ. மதிப்பெண் மட்டும் பார்ப்பதில்லை; பெற்றோரையும் வரவழைத்துப் பேசுகிறார்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சி. முதல் நான்கு மாதம் எல்லோருக்கும் பொது: கண்ணின் அமைப்பு, உடலியல், நோயாளியிடம் பேசும் முறை. அடுத்த எட்டு மாதம் ஒரு தனிப்பிரிவு. சிலர் புறநோயாளிப் பிரிவு, சிலர் கண்ணாடி அளவு, சிலர் தியேட்டர், சிலர் வார்டு, சிலர் ஆலோசனை. இரண்டாம் ஆண்டு முழுக்க மூத்த சிஸ்டரின் பார்வையில் வேலை. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. முடித்தவர்களே மருத்துவமனையின் பெரும்பங்கு ஊழியர்கள், டாக்டர்கள் சிறுபான்மை.

ஏன் கிராமத்துப் பெண்கள்? ‘பணிவானவர்கள், கடும் உழைப்பாளிகள்’ என்ற பதிலை அடிக்கடி கேட்கிறோம். அந்தப் பதிலில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. பணிவைக் காரணம் காட்டி வேலைக்கு எடுப்பவர் எதைத் தேடுகிறார் என்று யோசிக்க வேண்டும். இன்னொரு காரணம் வலுவானது. முகாமிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் நோயாளி கரிசல் காட்டிலிருந்தும் வருசநாட்டிலிருந்தும் வருகிறவர். ஆபரேஷன் என்றாலே நடுங்குகிறவர். அவரிடம் அவர் ஊர்ப் பேச்சிலேயே, ‘எங்க அப்பத்தாவுக்கும் இப்பிடித்தான் புரை விழுந்துச்சு, எடுத்தாச்சு, இப்ப நூல் கோக்குது’ என்று ஒரு பெண் சொல்லும்போது பாதி ஆபரேஷன் முடிந்துவிடுகிறது. இதைப் பெரிய டாக்டரால் செய்ய முடியாது. கைமாற்றிய இடத்தில் வேலை முன்பைவிட நன்றாக நடந்த உதாரணம் இது. மூத்தவர்கள் இதைத்தான் நம்ப மறுப்பார்கள். ‘நான் செய்த அளவுக்கு வராது, ஆனால் பரவாயில்லை’ என்ற நினைப்போடுதான் பொதுவாக வேலையைக் கொடுப்போம். ஒரே வேலையை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான முறை செய்கிறவருக்கு, எப்போதாவது செய்யும் டாக்டரைவிடக் கை நேராக வரும்.

வளர்ச்சி அந்தந்தத் துண்டோடு நிற்பதுமில்லை. சில ஆண்டுகள் கழிந்தால் சிஸ்டர் புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறார். பிரிவை மேற்பார்வை பார்க்கிறார். தியேட்டரில் நீண்ட காலம் நின்றவருக்கு அறுவையின் ஒவ்வொரு படியும் கண்பாடம். முதன்முதலாகத் தனியே கத்தி பிடிக்கும் பயிற்சி டாக்டரின் கை தயங்கும் இடம், டாக்டருக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு நொடி முன்னதாக அடுத்த கருவியைக் காட்டுவதுகூட ஒரு பாடந்தான். எந்தப் பாடத்திட்டத்திலும் அது எழுதப்பட்டிருக்காது.

கைமாற்றுவதற்கு நம்பிக்கை வேண்டும் என்பார்கள். நம்பிக்கை மட்டும் போதுமென்றால் நம் அலுவலகங்கள் எப்போதோ உருப்பட்டிருக்கும். அரவிந்தில் நம்பிக்கைக்குப் பக்கத்திலேயே ஒரு பேரேடு இருக்கிறது. ஒவ்வோர் அறுவையிலும் சிக்கல் ஏதாவது வந்ததா, யார் செய்தது, பின்னர் பார்வை எவ்வளவு வந்தது என்று பதிவாகிறது. அந்த எண்கள் திரும்ப அந்த டாக்டரிடமே போகின்றன. மருத்துவமனையின் மொத்தச் சிக்கல் விகிதத்தை பிரிட்டனின் கண் மருத்துவக் கல்லூரி வெளியிட்ட எண்களோடு வைத்து ஒப்பிட்டார்கள். பலவற்றில் மதுரையின் கணக்குத் தாழ்வாக இல்லை, சிலவற்றில் மேலாகவே இருந்தது. இங்கே ஓர் அறுவை மருத்துவர் ஆண்டுக்கு 2,000 அளவில் அறுவைகள் செய்கிறார். நாட்டுச் சராசரியாக வழக்கமாகச் சொல்லப்படுவது 400. ஓர் இளம் டாக்டர் இங்கே சில ஆண்டுகளில் பார்ப்பதை வேறிடத்தில் பார்க்கப் பாதி ஆயுள் ஆகும். பிழையை மறைத்தால் வெட்கம் மிஞ்சும்; எண்ணாக எழுதி, அதை வைத்துச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த கண் தப்பும். சிவப்பு மை மேலாளரிடம் இல்லாமல் போனது இந்த இரண்டாவது பாதிதான்.

வளர்ப்பவரும் வளர வேண்டியிருந்தது. பழைய முறையில் கண்ணின் லென்ஸை உறையோடு எடுத்துவிடுவார்கள். பிறகு சோடாபுட்டிக் கண்ணாடிதான். உள்ளே லென்ஸ் வைக்கும் முறை வந்தபோது, பழைய முறையில் கைதேர்ந்த ஒரு தலைமுறையே நுண்ணோக்கிக்கு முன்னால் மறுபடி மாணவராக உட்கார வேண்டியிருந்தது. வெளிநாட்டு லென்ஸின் விலையோ ஏழைக்கு எட்டாது. 1992-ல் ஆரோலேப் தொடங்கி, மதுரையிலேயே லென்ஸ் செய்தார்கள். நூறு டாலருக்கு மேல் இருந்தது பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. அதற்குத் தலைமை ஏற்ற பி. பாலகிருஷ்ணன் பொறியாளர், கண் மருத்துவர் அல்ல. நிர்வாகத்துக்கு வந்த ஆர்.டி. துளசிராஜ் கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்தவர். தனக்குத் தெரியாத துறையைத் தெரிந்தவரிடம் முழுசாகக் கொடுப்பது, தெரிந்த வேலையைக் கொடுப்பதைவிட ஒரு விதத்தில் சுலபம். திருத்த வராது அல்லவா!

இந்த இடத்தில் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. இவர்கள் இருவரும் குடும்பத்தோடு சம்பந்தப்பட்டவர்கள்தானே? ஆம். அரவிந்தின் மேல்மட்டத்தில் நிறுவனரின் தம்பி, தங்கை, மைத்துனர், மருமகன், அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒரு பெரிய உறவுக்கூட்டம் இருக்கிறது. மணமாகாத அண்ணன் தந்தையின் இடத்தில் நின்று படிக்கவைத்த குடும்பம். அண்ணன் சொல்லைத் தட்டாத காலம். வெளியே கிடைத்திருக்கக்கூடிய வருமானத்தை விட்டுவிட்டு, நேரங்காலம் பாராமல் உழைத்தார்கள். சம்பளத்துக்கு வந்த வெளியாள் எவரும் அந்த முதல் பத்தாண்டைத் தாங்கியிருப்பாரா என்பது சந்தேகம். ஆகவே குடும்பத்தைக் குறையாக மட்டும் பார்க்க மாட்டேன். ஆனால் பிறரை வளர்ப்பது என்று பேசும்போது, அண்ணன் தங்கையை வளர்த்ததையும், முன்பின் தெரியாத ஒரு சிற்றூர்ப் பெண்ணை வளர்த்ததையும் ஒரே கணக்கில் எழுத முடியாது. முதலாவது நம் பண்பாட்டுக்குப் பழக்கப்பட்டது. இரண்டாவதுதான் அரிது.

அதைவிட அரிது, தனக்குப் போட்டியாக வரக்கூடியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. லயன்ஸ் சங்கத்தின் உதவியோடு 1992-ல் லைகோ என்ற பயிற்சி நிறுவனம் தொடங்கியது. வேறொரு மருத்துவமனை உதவி கேட்டால், மதுரையிலிருந்து ஒரு குழு முதலில் அங்கே போய்ப் பார்க்கும். பிறகு அந்த மருத்துவமனையிலிருந்து டாக்டர், நிர்வாகி, செவிலியர் எல்லோரும் ஒன்றாக மதுரைக்கு வந்து தங்கி, பார்த்து, தங்கள் ஊருக்கான திட்டத்தைத் தாங்களே எழுத வேண்டும். டாக்டர் மட்டும் வந்துபோனால், ஊருக்குத் திரும்பி ‘மதுரையில் இரண்டு மேசை போடுகிறார்கள்’ என்று சொல்லுவார், மேசை வாங்குவார்கள், அந்த மேசையைத் தயாராக வைக்கும் ஆள் அங்கே இருக்கமாட்டார். 300க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இந்த வழியில் பயின்றிருக்கின்றன. அவற்றில் பல இந்தியாவுக்கு வெளியே இருப்பவை. லென்ஸ் செய்யும் ரகசியத்தைப் பூட்டிவைப்பவர்களும், சமையல் பக்குவத்தை மருமகளுக்குக்கூட முழுசாகச் சொல்லாத மாமியார்களும் உள்ள உலகம் இது.

வெங்கடசாமி 2006 ஜூலை 7 அன்று, 87 வயதில் காலமானார். அந்தக் காலகட்டத்தில் அரவிந்த் குழுமத்தில் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் அறுவைகள் நடந்துகொண்டிருந்தன. அடுத்த பத்தாண்டுக்குள் அது நான்கு லட்சத்தை எட்டியது. 2008-ல் கேட்ஸ் விருதும் 2010-ல் ஹில்டன் பரிசும் வந்தன. ‘அவர் இருந்தவரைக்கும்’ என்ற வாக்கியத்துக்கு இங்கே வேலை இல்லாமல் போயிற்று.

வாக்கியம் வேறொரு இடத்தில் உயிரோடு இருக்கிறது. சிஸ்டரின் ஏணி எங்கே முடிகிறது? பயிற்றுநர், மேற்பார்வையாளர், பிரிவுப் பொறுப்பாளர் வரை போகலாம். அதற்கு மேல் ஏற மருத்துவப் பட்டம் வேண்டும். பிளஸ் டூ முடித்த கையோடு வேலைக்கு வந்தவருக்கு அந்த வாசல் திறப்பது லேசல்ல. பலர் சில ஆண்டுகளில் திருமணமாகி ஊர் மாறிப் போகிறார்கள். அங்கேதான் சிக்கல். இரண்டு ஆண்டுப் பயிற்சி, நான்கைந்து ஆண்டு அனுபவம், ஆயிரக்கணக்கான கண்கள். கையில் இருப்பதோ ஒரு மருத்துவமனை தன் தேவைக்காகக் கொடுத்த பயிற்சியின் சான்றிதழ். புகுந்த ஊரில் உள்ள கிளினிக்காரர் அதைப் புரட்டிப் பார்த்து, ‘நர்சிங் முடிச்சிருக்கீங்களா?’ என்று கேட்டால் என்ன சொல்வது? நிறுவனம் அவரை வளர்த்தது உண்மை. வளர்ந்த உயரம் அந்த நிறுவனத்தின் கூரைக்குள் மட்டும் செல்லுபடியாகிறது என்பதும் உண்மை. இது அரவிந்துக்கு மட்டும் உரிய குறையல்ல. கொத்தனாரிடம் இருபது ஆண்டு பழகியவருக்கும், மெக்கானிக் ஷெட்டில் வளர்ந்த பையனுக்கும் இதே கதைதான். ஒருவர் கையால் வளர்ந்தவர் அந்தக் கையை விட்டு விலகும்போது, தன் உயரத்தைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

2021-ல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழிலர்களுக்கென ஒரு தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. கண் மருத்துவத் துணைப் பணிகளும் அதன் பட்டியலில் உண்டு. துணை மருத்துவத் தொழிலர் என்று பதிவாக, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பை முடித்த டிப்ளமோ அல்லது பட்டம் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நாச்சியார் தலைமையில் உருவான பயிற்சியும் இரண்டு ஆண்டுதான், மணிக்கணக்கிலும் குறையிருக்காது. மருத்துவமனைகள் சொந்தமாக நடத்தும் இத்தகைய பயிற்சிகளை அந்தச் சட்டகத்துக்குள் கொண்டுவரும் வேலை, தியேட்டரில் இரண்டாவது மேசையைப் போட்டதைவிடச் சலிப்பானது. பாடத்திட்டத்தை எழுதி, தேர்வு நடத்தி, ஆணையத்தின் படிவங்களை நிரப்ப வேண்டும். அது நடந்தால், கல்யாணமாகி ஓசூருக்கோ திருப்பூருக்கோ போகும் பெண் தன் பெட்டியில் அந்தத் தாளை எடுத்துவைப்பாள்.